குமுளு மரத்துக் காலு

அந்தப் பிளாஸ்டிக்குச் சுத்தெல்லாம் அவுத்துப்புடுங்க தம்பி. இப்பிடிப் பொதிஞ்சு வச்சிருந்தா எப்பிடிப் பாக்குறது. இந்தா, இந்தச் சாக்கு மேல வைங்க. வெளிச்சம் இங்கனதேன் நல்லா விழுகும்.

ம்.

கோயமுத்தூருல இருந்து பைக்குலயேவா வந்தீக. போடி வரைக்கும் பஸ்சுல வந்துட்டு, அங்கன இருந்து குரங்கணிக்கு ஜீப்பு ஏறியிருக்கலாம்ல. சரி, வரக்காப்பி ஆறுது, குடிங்க.

நீங்க கேட்டது வெளங்குச்சு. சினிமாவுல வந்த சாமானெல்லாம் வாங்கிச் சேத்து வைக்கிற ஆளு நீங்க. அந்தப் படத்துல ஜீப்பு டிரைவரா வர்றவரு கட்டக்காலு மாட்டியிருப்பாருல்ல, அதப் பாத்துச் செஞ்ச டூப்புக் காலுன்னு இத உங்களுக்கு வித்திருக்காக. சீட்டுல பைபருன்னு போட்டிருக்கு, தட்டிப் பாத்தா மரமா இருக்கு. யாரு செஞ்சது, என்னென்ன சாமான் போட்டுச் செஞ்சதுன்னு விசாரிச்சு எழுதிக்கிட்டுப் போக வந்திருக்கீக. சொல்றேன். எனக்கு இன்னைக்குச் சோலி ஒண்ணும் கெடையாது.

ஆனா அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லணும் நீங்க. எனக்குக் கண்ணு அம்புட்டுத் தெளிவில்ல. போன்ல லைட்டு இருக்கும்ல, அத அடிச்சு, மொழங்காலு நொழையிற கிண்ணத்துல இருந்து பாதம் வரைக்கும் வண்டு தொளச்ச ஓட்டை எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்க. ஊசி நொழையிற அளவுதேன் இருக்கும். வெரசாப் பாக்க வேணாம், மெதுவாப் பாருங்க.

எதுக்கா. எங்க வீட்டுக்காரரு தம்பி ராமரு இருக்காரு, இந்தா மூணாவது வீடு. எட்டு வருசமா என் கையில தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்ல. எங்க அண்ணன் காலை வண்டுக்குத் தின்னக் குடுத்தவ நீதேன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாரு. நானும் ஆமான்னுதேன் இருந்தேன். அதேன் கேக்குறேன்.

இல்லையா. கிண்ணத்துக்கு உள்ள பாத்தீகளா. அந்தக் கம்பளிய லேசாத் தூக்கிப் பாருங்க. அடியில, டயரு ஒட்டியிருக்குற எடத்துல.

ஒண்ணுமே இல்லையா.

சரி. இனி எழுதிக்கோங்க. செஞ்சது எங்க வீட்டுக்காரரு, வேலுச்சாமி. போடிமெட்டு வளைவுல லோடு ஜீப்பு கவுந்து, எடது காலு மொழங்காலுக்குக் கீழ போயிருச்சு. அப்புறம் ஒரு கேம்ப்புல காலு குடுத்தாக. டவுனு ரோட்டுல நடக்க அது நல்லாத்தேன் இருந்துச்சு, ஏலத்தோட்டத்துச் சரிவுல மழைன்னா வழுக்கிரும். ஒரு மாசம் பாத்தாரு. கழட்டி மூலையில போட்டுட்டுத் தானே செதுக்க ஒக்காந்துட்டாரு. எஸ்டேட்டுல மம்பட்டி, கவாத்துக் கத்திக்கெல்லாம் புடி போடுறவரு அவருதேன். எந்த மரம் ஒடியும், எந்த மரம் தாங்கும்னு தெரிஞ்ச கையி.

மரம் குமுளு. தூக்க லேசு, தாங்குறதுல கெட்டி. உள்ள இருக்குறது எஸ்டேட்டுல மழைக்குக் குடுக்குற கம்பளி. வாரு ஜீப்போட சீட்டு பெல்ட்டு. அடிப்பக்கம் டயரு. ஆணி இரும்புல்ல, துரு ஏறக் கூடாதுன்னு பழைய மோட்டாருச் செம்புக் கம்பிய வெட்டித் தட்டுனது. கணுக்கால்ல கறுப்புக் கறுப்பாப் பொட்டு இருக்கு பாருங்க. அது டிசைன்ல்லாம் இல்ல. பீடியக் குடிச்சுட்டு அங்கனதேன் நசுக்குவாரு. பெத்த புள்ளை சூர்யகலா சிரிப்பா, அப்பாவுக்கு மட்டுந்தேன் சொந்தக் காலுலயே பீடி அமத்த முடியும்னு. வெரல வச்சுப் பாருங்க, குழி தெரியும். தெரியுதா. அதேன்.

சினிமாக்காரங்க கீழ டேரா போட்டிருந்தப்ப இதப் பாத்துட்டாக. ரெண்டு நாளைக்குக் குடுங்கண்ணே, இத மாதிரியே ஒண்ணு செஞ்சுட்டுத் தந்துர்றோம்னு வாங்கிட்டுப் போனாக. ரெண்டு நாளு பத்து நாளாச்சு. அதுவரைக்கும் இவரு கம்ப ஊனிக்கிட்டு வீட்டுலயே இருந்தாரு. ஒருநா ஒரு பையன் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, டயமாச்சுன்னு ஓடிட்டான். மாட்டிப் பாத்தாரு. என்னடி இது, பாதிக்குப் பாதி எடை கொறஞ்சிருச்சுங்கிறாரு.

நாந்தேன் சொன்னேன் தம்பி. லைட்டு வெக்கையில பத்து நாளு கெடந்துச்சுல்ல, காஞ்சிருக்கும்னு. எங்களுக்குத் தெரிஞ்சது அதுதேன. அஞ்சு கிலோ பச்ச ஏலக்காய ஸ்டோருல போட்டு வேக்காட்டுல காயவச்சா ஒரு கிலோதேன் வெளிய வரும். மரமும் அப்பிடித்தேன்னு நெனச்சோம். அவருக்குச் சந்தோசம். உள்ள ஏதோ ஸ்பாஞ்சு வச்சிருந்தாக, அதப் பிச்சுப் போட்டுட்டுப் புதுக் கம்பளி வச்சுக்கிட்டாரு. இருவது வருசம் நடந்த காலு, இப்பத்தேன் பஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. பீடி அமத்துன பொட்டெல்லாம் கூட அப்பிடியே இருந்துச்சு தம்பி. வெரல வச்சுப் பாக்கத் தோணல.

மரம் தெரிஞ்ச மனுசன், அவருக்கும் தெரியல. காலுன்னு ஆயிட்ட பெறகு அத யாரு மரமாப் பாக்குறா.

அமாவாசைக்கு அமாவாசை இதுக்குப் புங்கெண்ணெய் பூசுறது என் சோலி. வண்டு அண்டாது. அந்த வருசம் சூர்யகலா பிரசவத்துக்குன்னு போடியில போயி இருந்துட்டேன். மூணு அமாவாசை பூசல. நான் திரும்பி வந்து நாலாம் நாளு, தோட்டத்துக்குப் போற ஜீப்புல எடமில்லாம பின்னாடி தொத்திக்கிட்டுப் போனாரு. ஒரு வளைவுல காலு மடார்னு ஒடிஞ்சு, கையும் விட்டுப் பள்ளத்துல விழுந்துட்டாரு. ஒடிஞ்ச எடத்துல ராமரு வெரல விட்டு நோண்டுனாரு. மேல தோலு மாதிரி இருக்கு, உள்ள மஞ்சமஞ்சளா மாவு கொட்டுது. பாத்தீகளா, வண்டு அரிச்சுருச்சு, இவ எண்ணெய் பூசலன்னாரு. மூணு அமாவாசை பூசாதது நெசந்தேன.

எட்டு வருசம் தம்பி. கோயிலுக்குப் போனாலும் அந்த மாவுதேன் கண்ணுல நிக்கும்.

அழுகையெல்லாம் வரல. நீங்க சங்கடப்படாதீக. காலையில நீங்க அந்தப் பிளாஸ்டிக்கோட வாசல்ல நின்னப்பவே, வாரப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு.

காலை மாத்தி வச்சுட்டுப் போன அந்தப் பையன் மேலயும் கோவமில்ல. ரெண்டையும் பக்கத்துல வச்சிருந்தா அவங்களுக்கே எது எதுன்னு தெரிஞ்சிருக்காது.

இல்ல தம்பி, எனக்கு இது வேணாம். நீங்களே வச்சுக்கோங்க. இனி இத வச்சு நான் என்ன செய்யப் போறேன். ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. உங்க பேப்பர்ல பேரு, மரம், கம்பளி, ஆணி எல்லாம் எழுதுனதுக்குக் கீழ, இதுல வண்டு ஓட்டை ஒண்ணு கூட இல்லன்னு ஒரு வரி எழுதுங்க. இன்னொரு தாள்லயும் அதே மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ராமரு எழுத்துக் கூட்டி வாசிப்பாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு, படிச்சவுக எழுதியிருந்தா நம்புவாரு.

எதக் கேக்குறீக. அந்தப் பைபரு காலா. அது இருந்தா ரெண்டையும் சோடியா வைக்கலாமா.

அது கெடைக்காது தம்பி. பள்ளத்துல இருந்து தூக்கிட்டு வரையிலயே அவருக்கு உசுரு இல்ல. மறுநா, பொதைக்கிறதுக்கு முந்தி, ஒத்தக்காலோட போக வேணாம்னு ஒடிஞ்ச ரெண்டு துண்டையும் வாழநாருல நாந்தேன் சேத்துக் கட்டுனேன். அவரு வேட்டிக்குள்ள வச்சுத்தேன் அனுப்புனேன்.