கறை பாக்கிறவர் பொண்டாட்டி

ஐயையோ, நீ பேசாதம்மா, பேசாத! உனக்கு உதட்டுக்கு மேல மரத்துப்போற களிம்பு போட்டிருக்காங்க. வாயை அசைச்சா களிம்பு உள்ள போயிரும், அப்புறம் நாக்கு மரத்துப் போயி கொழகொழன்னு பேசிக்கிட்டிருப்ப. போன வாரம் நான் காட்ட வந்தப்ப ஒரு அம்மா அப்படித்தான் வாசல்ல நின்னு, டாக்சிக்காரர்கிட்ட சொந்த வீட்டு விலாசத்தைச் சொல்ல முடியாம முழிச்சிக்கிட்டு நின்னாங்க. நீ தலைய ஆட்டு, போதும். எனக்குக் கன்னத்துலயும் நெத்தியிலயும் இந்தக் கையிலயுந்தான். வாய்க்கு ஒரு தடையுமில்ல.

மரத்துப்போக முக்கா மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அந்தப் படத்தைப் பாத்தியா? லேசர் வைக்கிறதுக்கு முன்னாடி, பின்னாடின்னு ரெண்டு முகம் போட்டிருக்காங்களே, அது. முன்னாடி முகத்துல பொட்டு பொட்டா கறை, பின்னாடி முகம் தொடச்சு வச்ச கண்ணாடி. காதைப் பாரு. முன்னாடி இருக்கிறவளுக்குக் காது மடல் கன்னத்தோட ஒட்டியிருக்கு, பின்னாடி இருக்கிறவளுக்குத் தொங்குது. லேசர் வச்சா காது கூடவா தொங்கும்? ஆளே வேற!

சிரிக்காத, சிரிக்காத, களிம்பு கலையும். இப்படி நோண்டிப் பாக்கிற புத்தி எனக்குப் பொறவியில வந்ததில்ல. வீட்டுக்காரர்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு.

என்ன, புருவத்தைத் தூக்குற? இந்த வயசுல இந்தக் கெழவிக்கு எதுக்கு இதெல்லாம்னுதானே? தாராளமா நெனச்சுக்கோ. வெளிய சீட்டுக் குடுக்கிற பொண்ணே கேட்டுது, ட்ரீட்மெண்டு யாருக்கும்மா, பொண்ணு வண்டி நிறுத்திட்டு வராங்களான்னு. எனக்குத்தான்னேன். அது என் முகத்தைப் பாத்துது, கம்ப்யூட்டரைப் பாத்துது, மறுபடியும் முகத்தைப் பாத்துது. ரொம்ப நல்லதும்மான்னுச்சு. யாராவது செத்த வீட்ல சொல்ற மாதிரி ஒரு குரல்ல.

இந்தக் கையைப் பாரு. இடது கையில எத்தனை இருக்கு, வலது கையில எத்தனை இருக்கு? இடதுலதானே மண்டிக் கெடக்கு? நான் பள்ளிக்கூட வாசல்ல புள்ளைங்களை ரோடு தாண்ட விடற வேலை பாத்தவ. கையில ஒரு வட்டப் பலகை, செவப்பு, நில்லுன்னு எழுதியிருக்கும். அதை இடது கையில தூக்கிப் புடிச்சிக்கிட்டு, வலது கையால புள்ளைங்களை வாரி வாரி அந்தப் பக்கம் தள்ளணும். காலையில வெயில் மூஞ்சிக்கு நேரா வரும். சாயங்காலம் போனாப் போகுதுன்னு பக்கவாட்டுல அடிக்கும். தொப்பி குடுத்தாங்க, போட்டா காத்துல பறக்கும், அதைப் புடிக்க ஓடினா லாரிக்காரன் திட்டுவான். சரி, வெயில்தானே, தின்னவா போகுதுன்னு இருந்துட்டேன். தின்னுதான் இருக்கு.

வேலைக்குச் சேந்தப்ப புள்ளைங்க என்னை நில்லு அக்கான்னு கூப்பிடும். அப்புறம் நில்லு ஆன்ட்டி. ஒரு வருஷம் பெரிய லீவு முடிஞ்சு, பலகையைத் தூக்கிட்டுப் போயி நிக்கிறேன், ஒரு பொடுசு அவ அம்மாகிட்ட கத்துது, அம்மா, நில்லு பாட்டி வந்துட்டாங்கன்னு. லீவுக்கு நடுவுல எனக்குத் தெரியாமயே பாட்டி ஆயிருக்கேன்! வீட்டுக்கு வந்து கண்ணாடியில பாத்தாத்தான் தெரியுது. கன்னத்துல அவரை விதை மாதிரி ஒண்ணு, பக்கத்துல அதோட குட்டிங்க.

என் நாத்தனா ஒருத்தி இருக்கா. அவரோட தங்கச்சி. வாயைத் தொறந்தா சுண்ணாம்புதான். அண்ணி, யாரோ காபியைக் குடிச்சிட்டு உங்க மூஞ்சியில உதறின மாதிரி இருக்கேங்கிறா. நானும் சும்மா இருக்கலாமில்ல? எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேச்சுட்டேன். தேச்சுட்டு வழக்கம்போல பலகையத் தூக்கிட்டு வெயில்ல போயி நின்னாச்சு. எரிஞ்சுது பாரு ஒரு எரிச்சல்! அவரை விதை அவரைக்காய் ஆயிருச்சு. இந்த டாக்டரம்மாகிட்ட சொன்னேன், தலையில கை வச்சுக்கிட்டாங்க. பழத்தைத் தேச்சுட்டு வெயில்ல நிக்கவே கூடாதாம். அப்புறம் உருளைக்கிழங்கு வச்சேன். அது ஒண்ணும் பண்ணல. நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல. எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி.

இல்ல இல்ல, நாத்தனாவுக்காக இங்க வரல. அவ சொல்லி நான் எதைச் செஞ்சிருக்கேன்?

வீட்டுக்காரருக்காகத்தான். ஆனா நீ நெனைக்கிற மாதிரி இல்ல.

அவருக்கு என்ன வேலை தெரியுமா? துணி மில்லுல கறை பாக்கிற வேலை. பெரிய கண்ணாடி மேசை, அடியில வெளக்கு எரியும். மேல துணி ஆறு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். இவரு நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. எங்கயாவது எண்ணெய்ச் சொட்டு, நூல் பிசிறு, சாயம் ஏறாத எடம், எதுன்னாலும் சாக்பீஸால ஒரு சுழி. அவ்வளவுதான் வேலை. காலம் பூரா அதுதான். மில்லுல எல்லாரும் அவரைச் சுழிக்காரர்னுதான் சொல்லுவாங்க. முதலாளியே ஒரு தடவை, அது சின்னதுய்யா, யாரு கண்ணுக்குத் தெரியப்போகுதுன்னாராம். எனக்குத் தெரியுதேங்கன்னு சொல்லிட்டுச் சுழிச்சிட்டாரு.

மில்லுல சுழிச்சது போதாதுன்னு வீட்டுக்கும் வந்து சுழிப்பாரு. சாக்பீஸுக்குப் பதிலா வாய். எங்க கல்யாணத்தன்னிக்கே, போட்டோ எடுக்க வந்தவர்கிட்ட, உங்க காலர்ல மை இருக்குன்னாரு. எல்லாப் போட்டோவுலயும் அந்த ஆளு கோபத்துல எங்களைச் சாய்ச்சே எடுத்து வச்சிருக்கான். பக்கத்து வீட்ல கொழந்தை பொறந்துது, பாக்கப் போனோம். எல்லாரும் ராஜா மாதிரி இருக்கான்னு கொஞ்சிக்கிட்டிருக்காங்க. இவரு குனிஞ்சு பாத்துட்டு, பின்னந்தலை கொஞ்சம் கோணல்னாரு. பொய்யே வராதும்மா அந்த மனுஷனுக்கு. வேணும்னு சொல்றதில்ல. கண்ணு பாத்தா வாய் சொல்லிரும், நடுவுல கதவே கெடையாது.

அப்புறம் கண்ணுல புரை விழுந்துது. ரெண்டு கண்ணுலயும். எல்லாமே பால் ஊத்தின மாதிரி தெரியுதுன்னாரு. ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னா பயம். கண்ணுல கத்தியான்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தாரு. நான் என்னத்தைச் சொல்றது, வீடு வீடா இருந்துது அந்தச் சில வருஷம்! தம்ளர்ல கறைன்னு ஒரு பேச்சு இல்ல. சுவத்துல அழுக்குன்னு ஒரு பேச்சு இல்ல. காபியைக் கொட்டிக்கிட்ட துணியோடயே நாள் பூரா சுத்தியிருக்கேன், என்னமோ பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்டர் வராத நாள் மாதிரி.

அதே வருஷங்கள்லதான் இதெல்லாம் முகத்துல வந்து குடியேறிச்சு. அவருக்குத் தெரியல. சாயங்காலம் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டே சொல்லுவாரு, எனக்குத்தான் எல்லாம் போச்சு, உனக்கு வயசே ஆகலன்னு. அவருக்கு நான் ஒரு வெள்ளைப் புகை, வேறென்ன? ஆனாலும் கேக்க நல்லாத்தான் இருந்துது. பொய்யே சொல்லாதவரு வாயால வர்றதில்லையா.

போன மாசம் மகள் வந்து, இனிமே சாக்குப்போக்கு கெடையாதுன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிட்டா. மறுநாள் கட்டைப் பிரிச்சாங்க. நான் கட்டிலுக்கு நேரா நிக்கிறேன். முந்தானையால கன்னத்தைத் தொடச்சுத் தொடச்சு விட்டுக்கிறேன். எதுக்கா? ஏம்மா, இத்தனை வருஷம் உனக்கு வயசே ஆகலன்னவரு முன்னாடி இந்த மூஞ்சியோட நிக்கிறேன், பயமா இருக்காதா? பரிட்சைப் பேப்பர் திருத்தி வர்ற மாதிரி இருந்துது.

கண்ணைத் தொறந்தாரு. சிமிட்டினாரு. முதல் பேச்சு நர்ஸுகிட்ட. சிஸ்டர், உங்க பாக்கெட்ல பேனா கசியுதுன்னாரு. ரெண்டாவது பேச்சு, மேல மூலையில ஒட்டடை இருக்குன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. பாத்தாரு. நல்லாப் பாத்தாரு.

போலாமான்னாரு.

அவ்வளவுதான்!

வீட்டுக்கு வந்தா, அடேங்கப்பா, விட்டுப்போன வருஷத்துக்கெல்லாம் சேத்து ஆரம்பிச்சாரு. அடுப்புக்குப் பின்னாடி எண்ணெய்ப் பிசுக்கு. மேசையில டீ வளையம். ஜன்னல் கம்பியில எப்பவோ பெயிண்ட் வழிஞ்சு காஞ்ச சொட்டு, எறும்பு சைஸ் கூட இருக்காது, அது. வீட்ல ஒரு சாமான் தப்பல. எல்லாத்துக்கும் ஒரு சுழி. என் மூஞ்சிக்கு மட்டும் ஒண்ணுமில்ல.

சரி, இருட்டுல தெரியல போலன்னு ட்யூப்லைட்டுக்கு நேரா போயி உக்காந்தேன். ஒண்ணுமில்ல. மறுநாள் டீயை ஜன்னலோரம் வச்சு, வெயில் கன்னத்துல விழற மாதிரி திரும்பி உக்காந்தேன். அவரு நிமிந்தாரு, என் முகத்துக்கிட்டயே கையைக் கொண்டு வந்தாரு. ஆச்சு, வந்துருச்சுன்னு மூச்சைப் புடிச்சிக்கிட்டேன். நைட்டி காலர்ல நூல் நீட்டிக்கிட்டிருக்குன்னு சொல்லி, கத்திரிக்கோல் எடுத்து வந்து வெட்டிட்டுப் போனாரு. அந்த நூலுக்கு மேல ஒரு சாண் கூட இல்ல, இந்த அவரைக்காய்!

கடைசியில வெக்கத்தை விட்டுக் கேட்டேன். ஏங்க, என் மூஞ்சியில ஏதாவது இருக்கான்னு. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டுப் பாத்தாரு. என்ன இருக்கு, ஒண்ணுமில்லையேன்னாரு. சொல்லிட்டு, தம்ளர் விளிம்பைத் தொடச்சிக் குடிச்சாரு.

மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னா சிரிக்கிறா. அப்பா திட்டினாலும் அழற, திட்டலைன்னாலும் அழற, சந்தோஷமா இரேம்மாங்கிறா. அவளுக்கு எங்க புரியும்? அவ புருஷன் எதைப் பாத்தாலும் சூப்பருங்கிற ஆளு. அவளும் சூப்பரு, கத்திரிக்காயும் சூப்பரு.

நீயே சொல்லு. இல்ல, சொல்லாத, தலைய ஆட்டு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. ஆனா மருந்து டப்பாவுல இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கிறாரு. அப்ப இது மட்டும் எப்படித் தெரியாமப் போகும்? ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு, காலம் போன காலத்துல எனக்காக முதல் முதலாப் பொய் சொல்லக் கத்துக்கிட்டிருக்காரு. இல்லைன்னா என்னைப் பாக்கவே இல்ல. தம்ளரைப் பாக்கிறாரு, சுவத்தைப் பாக்கிறாரு, என் காலரைப் பாக்கிறாரு, என் மூஞ்சிக்கு வந்தா கண்ணு வழுக்கிட்டுப் போயிருது. ராத்திரி பக்கத்துல அவரு கொறட்டை விட்டுக்கிட்டுத் தூங்கறாரு, நான் இதை வச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறேன்.

ஆமா ஆமா, இன்னும் கொஞ்ச நேரந்தான். எனக்குக் கன்னம் மரத்துருச்சு, கிள்ளினா யாரையோ கிள்ற மாதிரி இருக்கு. உனக்கு?

டாக்டரம்மா நல்ல மாதிரி. மொதல்ல பூதக்கண்ணாடி வச்சு ஒவ்வொண்ணாப் பாத்தாங்க, கெட்ட கட்டி கிட்டி இல்லையேன்னு. ஒண்ணுமில்லம்மா, வெறும் வெயில்தான்னாங்க. அப்புறம் ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. லேசர் வச்ச ஒடனே போயிராதும்மா, மொதல்ல நல்லாக் கருத்துரும், மையைத் தொட்டு வச்ச மாதிரி பொருக்குத் தட்டி நிக்கும், ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் உதிரும், அதுவரைக்கும் வெளிய வாசல் போகச் சங்கடமா இருக்கும், எல்லாரும் என்னன்னு கேப்பாங்க, பரவாயில்லையான்னு.

எல்லாரும் கேப்பாங்களான்னேன். கண்டிப்பாக் கேப்பாங்கன்னாங்க. அப்பவே சரின்னுட்டேன்.

என்ன முழிக்கிற? நான் வந்ததே அந்த ஒரு வாரத்துக்குத்தாம்மா. அப்புறம் இது உதிந்தா என்ன, ஒட்டிக்கிட்டே இருந்தா என்ன? கரிக்கட்டையால கோலிக்குண்டு வரைஞ்ச மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரு எதிர்ல உக்காந்து டீ குடிக்கப் போறேன். இங்க வர்றதை அவருகிட்ட மூச்சு விடல, மார்க்கெட்டுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என்னடி இது மூஞ்சியிலன்னு பதறிட்டாருன்னா, பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு, இத்தனை நாளும் எனக்காக வாயை மூடிக்கிட்டிருந்திருக்காருன்னு அர்த்தம். அது போதும். அதுக்கப்புறம் அவரு எத்தனை சுழி வேணா சுழிக்கட்டும்.

அதுக்கும் ஒண்ணும் கேக்கலைன்னா...

இதோ வரேன் சிஸ்டர், என்னையா? வரேன், வரேன். பையை நீ கொஞ்சம் பாத்துக்கோம்மா. சிஸ்டர், டாக்டரம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வலியெல்லாம் தாங்கும், கொஞ்சம் அழுத்தமாவே வைக்கச் சொல்லுங்க.