அழைப்புக்கு ஐந்நூறு

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள் ஐயா. தொண்டை கட்டிக்கொண்டால் எனக்குப் பிழைப்பு இல்லை.

செம்பூர் ஆபீஸில் தமிழ் லைன் என்னுடையது. எங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளை வாங்கியவர்களுக்கு முதல் மாதம் உதவி இலவசம். பிறகு அழைப்புக்கு ஐந்நூறு ரூபாய். பணம் வந்த பிறகுதான் அவர்களுடைய கம்ப்யூட்டரை என் திரையில் திறந்து சரிசெய்வேன். அது கம்பெனி போட்ட சட்டம், நான் போட்டதல்ல.

மாட்டுங்கா மகாதேவன் மாமா அப்படித்தான் பழக்கமானார். மனைவி அம்மிணி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. வேறு யார் போனை எடுத்தாலும், "கோகிலவாணியைக் கூப்பிடுங்கோ" என்பார். வேலை முடிந்ததும், "சாப்டியா கொழந்தே?" என்பார். தாராவியில் என் வீட்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் சரிசெய்துவிட்டு, போகிறபோக்கில் ஒரு செட்டிங்கை மாற்றி வைப்பேன். கொஞ்ச நாளில் மறுபடி மக்கர் பண்ணும், அவர் கூப்பிடுவார். பணத்துக்காகச் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். அது கம்பெனிக்குத்தான் போகிறது.

ஒருநாள் சொன்னார்: "இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன் கொழந்தே. மேலாத்து சாய்நாத் சும்மாவே பாத்துத் தரேங்கறான். ஐந்நூறான்னு கேட்டுச் சிரிக்கறான்."

அவரும் சிரித்தார். ஓசிக்கு ஒருவன் கிடைத்ததும் என்னைக் கறிவேப்பிலையாகத் தூக்கிப் போட்டுவிட்டாரே. துரோகத்துக்கு வேறு என்ன பெயர்?

"சரி மாமா. கணக்க மூடணும்லா, கடைசியா ஒரு தடவ ஸ்கிரீன தொறந்து விடுங்க" என்றேன்.

நம்பித் திறந்தார். அம்மிணி மாமி அவருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தார். கொத்தமல்லி வாங்கி வாருங்கள், மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். அதைக் கேட்காமல் காலையில் காபி இறங்காது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் என் பக்கம் எடுத்துக்கொண்டு, அங்கே சுத்தமாக அழித்துவிட்டேன்.

அழிந்ததை மீட்க முடியாமல் சாய்நாத் கைவிரித்துவிட்டான். மாமாவுக்கு என் சொந்த நம்பரைக் கொடுத்தேன், அதற்கு ஐந்நூறு கிடையாது. அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டு அழுகிறார். "தேடிக்கிட்டே இருக்கேன் மாமா" என்று தேற்றுவேன். மாமியின் குரல் என் போனில் பத்திரமாக இருக்கிறது, சாப்பிடும்போது போட்டுக் கேட்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஐயா. நீங்கள் பறிமுதல் செய்த அந்தப் போனை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டால் பாவம், மனுஷர் யாரிடம் போய் அழுவார்?