ஸ்பீக்கர் இல்லாத பியானோ

கீபோர்டு வாங்க வருகிறவர்களிடம் நான் எடுத்த எடுப்பில் விலையைப் பேசுவதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். ஜார்ஜ் டவுனில், பினாங்கு ரோட்டை ஒட்டிய ஓர் இசைக்கருவிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையாளனாக இருக்கிறேன். பெயர் அப்புத்துரை. ஆளுக்கேற்ற கருவியை எடுத்துக் கொடுப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று முதலாளியே சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன மாதம் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலிருந்து வந்து, வீட்டுக்கு ஏற்ற பியானோவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தீபாவளி மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். கொடுத்தேன். என் படத்தோடு போட்டார்கள். உதாரணத்துக்கு ஒரு வீட்டைச் சொல்லுங்கள் என்றபோது மட்டும், யாரோ ஒரு வாடிக்கையாளர் வீட்டைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். உண்மையில் நான் மிகவும் யோசித்து எடுத்த கருவி என் தங்கைக்கு எடுத்ததுதான். அதை இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்குப் பயன்படும் என்று தெரியவில்லை.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. பொழுதுபோக்குக்குப் பாட்டு வாசிக்கிறவருக்கு அறுபத்தொரு கட்டை போதும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு எண்பத்தெட்டுக் கட்டை வேண்டும், அதுவும் விரலுக்குக் கனம் தெரிகிற கட்டையாக. லேசான கட்டையில் பழகிவிட்டுப் பரீட்சை அறையில் நிஜப் பியானோ முன்னால் உட்கார்ந்தால் பிள்ளை திணறிப்போகும். நம் ஆட்கள் இதைப் பார்ப்பதே இல்லை. எத்தனை விதமான சத்தம் வருகிறது, டிரம்ஸ் தானாக அடிக்கிறதா என்று பொத்தானை அமுக்கிக்கொண்டே நிற்பார்கள். நான் கேட்பது வேறு. யார் வாசிக்கப் போகிறார்கள், எந்தச் சுவரோரம் வைக்கப் போகிறார்கள், அந்தச் சத்தம் யாருக்குக் கேட்க வேண்டும், யாருக்குக் கேட்கக் கூடாது. இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் கருவி தானே முடிவாகிவிடும்.

என் தங்கை யோகலட்சுமி என்னைவிட ஒன்பது வயது இளையவள். சின்ன வயதில் ஆறாம் கிரேடு வரை பியானோ படித்தவள். அம்மா தவறிய வருடம் வீட்டிலிருந்த பழைய பியானோவைக் கறையான் அரித்துவிட்டது. தூக்கிப் போட்டோம். அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

அப்பா விநாசித்தம்பி ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் போல யாழ்ப்பாணத்து ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யோகாவுக்கு வந்த மூன்று வரன்களைத் திருப்பி அனுப்பியவர். எண்பத்தொன்பதாம் வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் குழறியது. யோகா டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு அவரோடு இருந்தாள். அப்பாவின் இடது கைப்பக்கம் ஒரு காலி பிஸ்கட் டின்னும் கரண்டியும் வைத்திருந்தோம். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுவார். கெலுகோரில் எங்களுடையது வரிசை வீடு. எந்த மூலையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். தண்ணீராக எதையும் கொடுக்காதீர்கள், விழுங்கும் சக்தி குறைந்துவிட்டது, நுரையீரலுக்குள் போய்விடும். எல்லாம் கூழாகத்தான் இருக்க வேண்டும். சாப்பிட்ட பின் அரைமணி நேரம் தலையணை அண்டக்கொடுத்து உட்கார வைக்க வேண்டும். புரை ஏறினால் உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்ட வேண்டும். யோகா இதை இரண்டு வருடம் பிசகாமல் செய்தாள். மதியச் சாப்பாடு மட்டும் என் பொறுப்பு. கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து ஊட்டிவிட்டுப் போவேன். நான் மோசமான மகனாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போதுதான் ராமதாஸ் வந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை, மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. யோகாவின் பழைய ஆபீஸ் சிநேகிதி மூலமாக வந்த பேச்சு. அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம் இல்லை, ரப்பர் தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்தவர். அப்பா எப்படியும் மாட்டேன் என்பார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அப்பாவோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார். நோய் மனிதனை எவ்வளவு மாற்றிவிடுகிறது.

"மாமாவையும் கூட்டிட்டுப் போயிடுறோம் அண்ணே," என்றார் ராமதாஸ். "கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு. நீங்க ஒண்டியா சிரமப்பட வேணாம்."

நல்ல மனிதர். இன்றும் அதைச் சொல்வேன். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. அன்று இரவு யோகா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, சம்பல் எப்படி அரைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். நாற்பத்தேழு வயதில் நான் சம்பல் அரைக்கப் பழக வேண்டுமாம். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குப் போல நான் என்றும் பயந்ததில்லை. ஆனால் என்னைப் பற்றி மட்டும் நான் நினைக்கவில்லை. நோயாளித் தகப்பனைச் சீதனமாகக் கட்டிக்கொண்டு போகிறவளை அந்த வீட்டார் எத்தனை நாள் மதிப்பார்கள்? அதையும் யோசித்தேன்.

மறுநாள் கடையில் நின்றபடி, வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகளை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். யார் வாசிப்பது? யோகா. எப்போது? மதியம், நான் அப்பாவுக்கு ஊட்டிவிட்டுப் போன பிறகு அவளுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம். எந்தச் சுவரோரம்? முன்கூடத்தில், ஜன்னலைப் பார்த்தபடி; அப்பாவின் அறை அவள் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் இருக்கும். சத்தம் யாருக்குக் கேட்கக் கூடாது? பக்கத்து வீட்டு சலேஹாவுக்கு. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில்தான் தூங்குவாள். அவளுடைய அறையும் அப்பாவின் அறையும் ஒரே சுவர்.

கடையில் வீட்டுக்கென்றே செய்த டிஜிட்டல் பியானோக்கள் இருந்தன. எண்பத்தெட்டுக் கட்டை, உள்ளேயே ஸ்பீக்கர். யாராக இருந்தாலும் நான் அதைத்தான் காட்டியிருப்பேன். யோகாவுக்கு எடுத்தது மேடைக் கச்சேரிக்காரர்களுக்கான மாடல். கட்டை அருமையான கனம். ஆனால் அதில் ஸ்பீக்கர் கிடையாது. மேடையில் தனியாகப் பெட்டி வைத்துக்கொள்வார்கள் அல்லவா? வீட்டில் அதை வாசித்தால் ஹெட்போன் மாட்டினவருக்கு மட்டும்தான் கேட்கும். ஹெட்போனிலும் இரண்டு வகை உண்டு. பஞ்சு வைத்த சாதாரண வகையில், மாட்டியிருந்தாலும் யாராவது கூப்பிட்டால் காதில் விழும். இன்னொன்று காதை முழுக்க மூடி வெளியுலகத்தையே அடைத்துவிடும். நான் இரண்டாவதை எடுத்தேன். கடை லாரியில் ஏற்றும்போது முதலாளி, "வீட்டுக்கா இது?" என்று கேட்டார். பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

யோகா அழுதாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு கட்டையில் கை வைக்கிறாள், அழமாட்டாளா? நானும் கொஞ்சம் கண் கலங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ராமதாஸ் வந்து கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல ஸ்பீக்கர் இல்லையா அண்ணே?"

"பக்கத்து வீட்டு சலேஹா கக் நைட் ஷிஃப்ட் லா. பகல்ல சத்தம் போட்டா பாவம்."

"ஆமாவா? நீங்க எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செய்வீங்க," என்றார்.

ஒரு மாதம் அப்படியே போனது. அதற்கிடையில் ஒன்று நடந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. மகள் வாசிக்கிறாள், தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அப்பா குறைப்பட்டார். "சத்தம் வரலையே, சத்தம் வரலையே" என்று குழறிக்கொண்டிருந்தார். யோகா கருவியை அவர் அறை வாசல் வரைக்கும் இழுத்து, வயர் எட்டும் அளவுக்குக் கட்டிலை நகர்த்தி, ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டு வாசித்தாள். அவள் காதில் ஒன்றுமில்லை. கட்டைகள் டக் டக்கென்று விழும் சத்தம்தான் எனக்கும் கேட்டது. அப்பாவின் நல்ல பக்கத்துக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அண்ணே, கடையிலேர்ந்து ஒரு சின்ன ஸ்பீக்கர் கொண்டு வரியா? அப்பா பாவம், கேக்கணும்னு ஆசைப்படுறாரு."

"ஸ்டாக் இல்லம்மா. வந்ததும் கொண்டு வரேன்."

கடை அலமாரியில் நான்கு இருந்தன. அன்று மனது கொஞ்சம் ஆடிவிட்டது என்பது உண்மை. நானும் மனிதன்தான். கருவியைத் திரும்ப ஜன்னலோரம் தள்ளி வைக்க அவளுக்கு உதவி செய்தேன்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. வழக்கம்போலக் கூழ் ஊட்டினேன். பிறகு அடுக்களைக்குப் போய் ஒரு மக் நிறையப் பால் சேர்க்காத கோப்பி ஓ கலந்தேன், தண்ணீராக, அப்பாவுக்குப் பிடித்த மாதிரி. இரண்டு வருடமாக அவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், நாங்கள் கொடுக்கவில்லை. மக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆசையாகக் குடித்தார். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். அப்புறம் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தேன். டின்னை நான் தொடவில்லை. கரண்டியும் அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. அதை எடுத்து ஒளித்து வைக்கிற ஆள் நான் இல்லை.

கூடத்துக்கு வந்து யோகாவிடம் சொன்னேன். "அப்பா சாப்பிட்டாச்சு. அரைமணி உக்காரவும் வச்சாச்சு. தூங்கிட்டாரு. நீ நிம்மதியா வாசி."

அவள் சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினாள். மோட்டார் சைக்கிளை நான் கிளப்பியதுகூட அவளுக்குக் கேட்டிருக்காது.

இரண்டரை மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. டாக்டர் வந்து பார்த்து, வாதக்காரர்களுக்கு இப்படி நடப்பதுதான் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். பிஸ்கட் டின் மூடியில் புதிதாக ஒரு குழி விழுந்திருந்தது. இடது கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் சவம் எடுக்கும் முன்னால் சலேஹா வந்து அழுதாள். முந்தின நாள் மதியம் சுவரில் டொக் டொக்கென்று வெகுநேரம் சத்தம் கேட்டதாம். யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து, தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாளாம். யோகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் தூங்கினவளுக்குக் கேட்டிருக்கு அண்ணே. எனக்குக் கேக்கலையே."

"உன் மேல தப்பில்லம்மா," என்றேன். "அந்த ஹெட்போனைப் போட்டா யாருக்குத்தான் கேக்கும்?"

அதற்குப் பிறகும் அவள் எப்போது அழுதாலும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்றும் சொன்னேன். ஆறுதல் சொல்ல வேண்டியது என் கடமை.

ராமதாஸ் வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும் வரை பொறுமையாக இருந்தார். அது கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரியில் வந்து, புது நாள் குறிக்கலாமா என்று கேட்டார். யோகா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"பெத்த அப்பா தட்டித் தட்டிச் செத்தது காதுல விழாதவ, உங்க வீட்டுக்கு வந்து என்னத்தப் பாத்துக்கப் போறேன்? வேணாங்க."

ராமதாஸ் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் முகம் சொன்னது. உண்மைதான், கோப்பியைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் அன்றைக்கே அவரோடு போயிருப்பாள். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். அதன் பிறகு அவர் வரவில்லை.

அப்பாவைக் கொன்றது நான்தான். இதை எழுதுவதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. அவருக்கு விடுதலை, கடைசியில் ஒரு மக் கோப்பியும் கிடைத்தது. யோகாவும் இதில் எதையும் இழந்துவிடவில்லை. அவளை இரு என்று நான் சொல்லவும் இல்லை, தானாகத்தான் இருக்கிறாள். வீட்டில் இப்போது ரேடியோகூட வைப்பதில்லை. அறைக் கதவைச் சாத்துவதில்லை. நான் கூப்பிட்டால் முதல் குரலுக்கே ஓடி வந்து நிற்கிறாள். சில நாள் தேவையே இல்லாமல், மெதுவாக, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கூப்பிட்டுப் பார்ப்பேன். அப்போதும் வந்துவிடுகிறாள். அண்ணன் மேல் அவளுக்கு அவ்வளவு பாசம்.