ரெட்டைக் கன்றின் ராசி

பேச்சு எனக்குச் சரியாக வராது... நடந்த ஒன்றைச் சொல்கிறேன், சின்னக் கதைதான். காலமெல்லாம் மாட்டு டாக்டராக இருந்தவனுக்கு வேறு என்ன கதை தெரியும்?

தெய்வானை என்று ஒரு பெண். கல்யாணத்துக்கு அவள் அப்பா சீராக ஒரு கிடாரிக் கன்று கொடுத்தார். காளைக் கன்றோடு ரெட்டையாகப் பிறந்தது. "ராசியான கன்னு. எம் பொண்ணு வீடும் இப்படிப் பெருகட்டும்" என்று அதையே தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

கிடாரி நன்றாக வளர்ந்தது. ஊசி மேல் ஊசி போட்டும் சினை மட்டும் பிடிக்கவில்லை. தெய்வானைக்கும் குழந்தை இல்லை. மாமியார் ராமாத்தாள் சும்மா இருப்பாரா?

"அப்பன் வீட்டுச் சீரு ரெண்டும் ஒரே மாதிரி வந்திருக்கு. ரெண்டுக்கும் தீனி போட்டே நான் கிழவியாயிட்டேன்!"

தெருவே சிரித்தது. புருஷனும் சிரித்தான்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்... கிடாரிக்குத்தான்.

கையை விட்டுப் பார்த்தேன். கர்ப்பப்பை வளரவே இல்லை.

"இது ரெட்டையாப் பொறந்ததா?"

"ஆமாங்க டாக்டரு, கூடப் பொறந்தது காளைங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே வயிற்றில் இரண்டும் வளரும்போது காளையின் ரத்தம் இதன் உடம்பில் கலந்துவிடும். ஆண் குரோமோசோம் உள்ள அணுக்களும் கூடவே வந்துவிடும். அப்படிப் பிறந்த பெண் கன்று பெரும்பாலும் ஈனாது. இதைத்தான் அவர்களிடம் சொன்னேன்.

ராமாத்தாள் ஓடிப்போய்க் கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "அட என் தங்கமே... பொறப்பே இப்படின்னா நீ என்ன சாமி பண்ணுவே? உன்னையப் போய்த் திட்டிட்டேனே!" கண்ணெல்லாம் தண்ணீர்.

பின்னால் தீவனக் கட்டோடு தெய்வானை நின்றிருந்தாள். மெல்லத்தான் கேட்டாள்.

"அத்தை... இதுல ஒரு வார்த்தை எனக்கும் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

தீவனக் கட்டைக் கிடாரியின் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவள் கிடாரியை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு நடந்தாள். பிறகு ராமாத்தாளே போய்க் கூப்பிட்டார். அழுது கூப்பிட்டார். அவள் வரவில்லை.

அம்மாமார்களே, ஐயாமார்களே... கன்று வாங்கும்போது ரெட்டையா, கூடப் பிறந்தது காளையா என்று கேளுங்கள். அதைச் சொல்லத்தான் என்னை மேடையேற்றினீர்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள். கிடாரிக்கு டாக்டர் வந்தார். தெய்வானைக்கு யார் வந்தார்? அவள் புருஷனை யாராவது டாக்டரிடம் அழைத்துப் போனார்களா?

ராமாத்தாள் இரக்கம் இல்லாதவர் இல்லை. அன்று கொட்டகையில் நான் பார்த்தேனே... அத்தனை இரக்கம் இருந்தது. அதில் ஒரு வார்த்தைதான் அந்தப் பெண் கேட்டாள்.

உங்கள் வீட்டில் யாராவது அப்படிக் காத்துக்கொண்டிருந்தால்... இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.