பூட்டிக் கிடந்த பிரசவ வார்டு

மரக்காணத்தில் சாயங்காலம் புதுச்சேரி பஸ் ஏறினேன். உப்பளங்களைத் தாண்டும்போது, முன் சீட்டில் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம், "மேடம், திறப்பு விழாவை நானே முடிச்சிட்டேன்" என்றாள். இருவரும் அரசு டாக்டர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"எந்தத் திறப்பு விழா?" என்றார் மூத்தவர்.

"எங்க புது பிரசவ வார்டுதான். ஆறு மாசமா பூட்டிக் கிடக்குது. கல்வெட்டுல யார் பேர் மேல வரணும்னு ரெண்டு கட்சிக்கும் சண்டை. பழைய ரூம் ஒழுகுதுன்னு எத்தனை லெட்டர் போட்டேன், யாரும் கண்டுக்கல."

"இப்ப என்ன ஆச்சு?"

"காலையில நல்ல மழை. உப்பளத்துல வேலை செய்யுற பொண்ணு ஒண்ணு வலியோட வந்துச்சு. பழைய ரூம்ல கரண்டும் இல்ல, கணுக்கால் வரைக்கும் தண்ணி. நர்ஸம்மாகிட்ட சுத்தியல் கேட்டேன். பூட்டை உடைச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டோம். பொம்பளப் புள்ள மேடம். நல்லா கத்துச்சு."

சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மெமோ வருமேம்மா."

"வந்துடுச்சு. யாரைக் கேட்டுத் திறந்தீங்க, உடனே பூட்டுங்கன்னு."

"என்ன எழுதப் போற?"

"எழுதிட்டேன். மத்தியானமே இன்னும் ரெண்டு பேரை அட்மிட் பண்ணியாச்சு, பூட்ட முடியாதுன்னு."