தட்டாமாலை

இதை வரிசையாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. மழைக்காலம் என்றுதான் நினைவு. தலையணை உறைகள் காயவே இல்லை. அந்த ஈரம் மழையால் வந்ததுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உறைகள் என் கணவருடைய அக்காவின் உறைகள். அண்ணி என்று கூப்பிடுவேன். தனியாள், எங்களோடு இருந்தார். அவருடைய இடது காதில் சீழ் வடிந்தது. மஞ்சளாக, நூல் நூலாக. சோற்றில் கை வைத்தால் என் விரலிலும் அந்த நாற்றம் இருக்கும். தினமும் பஞ்சால் துடைத்துப் பவுடர் போட்டுவிடுவேன். இந்த அளவுக்கு யார் செய்வார்கள்?

பிறகு அவருக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்து நடந்தார். போகிற வழியெல்லாம் வாந்தி. அதையும் நான்தான் அள்ளினேன். மருத்துவரிடம் புறப்படும்போது காதைப் பளிச்சென்று துடைத்துவிட்டேன்.

“வீடே தட்டாமாலை சுத்துது டாக்டர். நான் சும்மாதான் நிக்கிறேன்,” என்று அண்ணி சிரித்தார்.

மருத்துவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மயக்கமா வருதாம்,” என்றேன்.

“அவங்களே சொல்லட்டுமே.”

“நீங்க கேக்கறது அவங்களுக்குக் காதுல விழாது.”

வயதானால் அப்படித்தான் என்றார். இரத்த அழுத்தம் பார்த்தார். அடுத்தடுத்த முறைகளில் சோகை, சர்க்கரை, கழுத்தெலும்பு. ஒருநாள் காதில் சீழ் உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன். எட்டிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

“காதப் பத்திச் சொல்லிட்டியாம்மா?” என்று வெளியே வந்ததும் அண்ணி கேட்டார்.

தலையாட்டினேன்.

“நீ இல்லேன்னா நான் நாறிப் போயிருப்பேன்,” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை வீட்டுக்கு வந்து மூன்று முறை கழுவினேன்.

காத்திருக்கும் அறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. கண் இருட்டி மயக்கம் வந்தால் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். அறை சுற்றினால் காதைப் பார்க்க வேண்டும். காதுச் சீழை விட்டுவைத்தால் மூளைக்குப் பரவும் என்று எழுதியிருந்தது. முதல் நாளே, உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே, அதைப் படித்துவிட்டேன். ஆறு மாதம் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். சொல்லியிருந்தால் குணமாகியிருப்பார் என்பீர்கள். ஆமாம். குணமாகி, இன்னும் இருபது வருடம் எங்களோடு இருந்திருப்பார்.

சீழ் மூளைக்கு ஏறி அண்ணி இறந்தார். காதுச் சீழை மருத்துவரிடம் அவரே மறைத்துவிட்டார் என்று வீட்டில் சொன்னேன், நம்பினார்கள். மருத்துவர் அதே அறையில் நோயாளிகளைப் பார்க்கிறார். அக்காவை என்னைப்போல் யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்கிறார். அது உண்மைதான். உறைகளை எரித்துவிட்டேன். வீடு சுத்தமாக இருக்கிறது.