நான் கண்ணை மூடினப்புறம் எடுத்துக்குங்க

துருப்பிடித்த இரும்பைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கக் கூடாது, சார். நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். மேலே பிசுபிசுவென்று அழுக்கு ஏறும், உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தென்னை நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கடைசியில் விளக்கெண்ணெய் ஒரு கை. அவ்வளவுதான். என் ஷெட்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். தகரக் கூரை மேற்கு மூலையில் ஒழுகும். மழைக்கு முன்னால் யாரையாவது விட்டு அந்தப் பக்கத்துச் சாமான்களைக் கொஞ்சம் நகர்த்திவைக்கச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் நான் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தைரியராஜ். வீடு எடமலைப்பட்டி புதூரில். டவுனில் ஒரு கடைக்காக ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குக் கரண்ட் மோட்டார் விற்கிறேன். சுற்றுப்பட்டில் என்னை ‘மோட்டார் சார்’ என்றால்தான் தெரியும். கிணற்றில் மோட்டார் இறங்கிவிட்டால் மாடு கட்டி இறைக்கிற கவலைக்கு வேலை இல்லை. கவலை என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனக்கவலை என்று நினைக்கிறார்கள். அண்டா மாதிரி ஒரு இரும்புச் சால், அதன் அடியில் தோல் வால், மேலே உருளையும் கயிறும். மாடு சரிவில் இறங்க இறங்கச் சால் தண்ணீரோடு மேலே வரும். நான் ஒரு ஊரில் மோட்டார் மாட்டிவிட்டு அடுத்த முறை போனால் அந்தச் சால் வேலியோரம் குப்புறக் கிடக்கும். அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும். கோழியை விரட்டிவிட்டு அதை நிமிர்த்தி வைப்பேன். அதை வேலையிலிருந்து நிறுத்தியவனே நான்தானே.

அப்படித்தான் சேர்க்க ஆரம்பித்தேன். கலப்பைக் கொழு, நுகத்தடிப் பூண், வண்டிச்சக்கரப் பட்டை, உருளை, உடைந்த ஆயில் இன்ஜின், பெயர் தெரியாத துண்டு துணுக்கெல்லாம். ஊருக்குள் ஷேக் தாவூது என்று ஒருவர் சைக்கிளில் வருவார். பழைய இரும்பை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுப்பார். நல்ல மனிதர், என்னைக் கண்டால் இறங்கி நின்று பேசுவார். ஆனால் அவர் கூவுகிற சத்தம் தெருமுனையில் கேட்டாலே எனக்குப் பயம் வந்துவிடும். சும்மா சொல்லவில்லை, சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அவர் கேரியரில் ஏறிய சாமானை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது, உருக்குவதற்குப் போய்விடும். என் மனைவி அக்னஸைக் கேளுங்கள், நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் திருடியதில்லை. என் ஷெட்டில் இருக்கிற ஒவ்வொன்றும் அதற்கு உரியவர் வாய்விட்டுக் கொடுத்தது. முறைப்படி வாங்கியது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், நம் பக்கத்துப் பெரியவர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வாசல் தேடி வந்தவன் மனம் கோணக் கூடாது என்று பார்ப்பார்கள். மோர் கொடுப்பார்கள், வெற்றிலை கொடுப்பார்கள், கேட்டதை மட்டும் கொடுக்க மாட்டார்கள். ‘நான் கண்ணை மூடினப்புறம் எடுத்துக்குங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதற்கு இல்லை என்று அர்த்தம், எழுந்து போய்விட வேண்டும் என்று கடையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. வயதானவர் ஒருவர் சொன்ன வார்த்தையைப் பொய் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்? எடுத்துக்கொள் என்றுதானே சொல்கிறார். எப்போது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ரெங்கம்மாள் என்று ஒரு அம்மா இருந்தார். வாழைத்தோட்டம். முன்பு கரும்பு போட்டிருந்தார்கள் போலிருக்கிறது, தோட்டத்து மூலையில் வார்ப்பிரும்பில் ஒரு கரும்பாலை நின்றது. மூன்று உருளை, மாடு சுற்றிவந்து இழுப்பது. அந்த மாதிரி இன்னொன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கேட்டேன். “அவரு விரல் ரெண்டு அதுக்குள்ளதான் தம்பி போச்சு, அதை எப்படிக் குடுக்கிறது? நான் கண்ணை மூடினப்புறம் எடுத்துக்குங்க” என்றார். மகளை வைத்துக்கொண்டுதான் சொன்னார். எழுபத்தேழில் பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு முந்தின வருஷம் ஆடியில் அந்த அம்மா கொள்ளிடத்தில் வழுக்கி விழுந்து போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் தாயின் வார்த்தையை நினைவு வைத்திருந்து, அழுதுகொண்டே ஆலையைக் கொடுத்தாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

வழுக்கி விழுந்தார் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். சரி. அவருக்குக் கண் மங்கல். குளிக்க இறங்கியபோது கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டவன் நான். தண்ணீர் இழுப்பு அன்றைக்கு அதிகம். பிடித்திருந்த கையை விட்டேன். தள்ளவில்லை, விட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் எழுதினால் நான் தகராறு பண்ணப்போவதில்லை. அவர் கொடுத்த வார்த்தையில் காலம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. நான் பார்த்துக்கொண்டது அதை மட்டும்தான்.

அடுத்தது வீரமலை. அவரைப் பற்றித்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்கிறீர்கள் என்று தெரியும்.

மதுரை ரோட்டில் பஞ்சப்பூர் தாண்டி உள்ளே போக வேண்டும். அவர் கிணற்றில் மோட்டார் மாட்டியதே நான்தான். ஆனால் அவர் கவலையைக் கழற்றிப் போடவில்லை. சால், தோல் வால், கயிறு, உருளை எல்லாம் அப்படியே கிணற்றின் மேல் நின்றன. தோலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நாளெல்லாம் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து, மோட்டார் எடுக்கிற தண்ணீரைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சேர்த்ததில் முழுக் கவலை ஒன்றுகூட இல்லை, ஏதாவது ஒன்று குறையும். கேட்டேன். அவரும் அதையே சொன்னார். “என் காலம் வரைக்கும் இருக்கட்டும் சார். நான் கண்ணை மூடினப்புறம் தாராளமா எடுத்துக்குங்க.”

நான் காத்திருந்தேன், சார். வருஷக்கணக்கில் காத்திருந்தேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் அவருடைய மகன் அழகிரிக்குப் பொறுமை இல்லை. அப்பா போன மறுநாளே இந்தச் சனியனை இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டுத் அந்த இடத்தில் எலி புகாத நெல் கொட்டாய் போடப்போகிறேன் என்று என்னிடமே சொன்னான். எலித்தொல்லை அங்கே அதிகம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கிழவர் செத்துப்போனால் எனக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்? செய்தி வருவதற்குள் ஷேக் தாவூது சைக்கிளோடு வந்து நிற்பார். நான் அங்கே இருக்க வேண்டும் என்றால், எப்போது என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். நீங்களே யோசித்துப் பாருங்கள், அதற்கு வேறு வழி ஏதாவது இருந்ததா?

அன்றைக்கு அழகிரியும் அவன் மனைவியும் மணப்பாறை சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் போய் மோட்டாரைச் சரிபார்க்க வந்ததாகச் சொல்லிச் சுவிட்சைப் போட்டேன். அந்த மோட்டார் கொஞ்சம் சத்தம் அதிகம். அந்தத் தோல் வாலை எப்படிக் கட்டியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும். கிணற்றுக் கல்லில் முழங்காலை ஊன்றிக் குனிந்து காட்டினார். நல்ல முடிச்சு. அதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் தள்ளினேன்.

விழுந்ததும் அவர் போய்விடவில்லை. மோட்டார்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். நான்தான் தள்ளினேன் என்று முதலில் அவருக்குப் புரியவே இல்லை. அதுவரை சார் என்று கூப்பிட்டவர், “தம்பி, கையைக் குடுங்க, கயிறு அங்கதான் இருக்கு, அதைப் போடுங்க” என்றார். நான் கயிற்றைப் போடவில்லை. அது கவலையோடு சேர்ந்த கயிறு, நனைந்தால் கெட்டுவிடும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் புரிந்துவிட்டது. முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. பயம், சார். வயசானவர் பயந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “சாலை எடுத்துக்குங்க, இப்பவே எடுத்துக்குங்க” என்றார். அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பயத்தில் கொடுப்பதை வாங்குவது முறை இல்லை. குழாயை விடுகிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். தனியாக விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

கால் தவறி விழுந்துவிட்டார் என்று ஊரே சொன்னது. தினமும் அங்கேயே உட்கார்ந்திருந்தவர்தானே. அப்பா கொடுத்த வார்த்தையைச் சொன்னேன், அழகிரி ஒப்புக்கொண்டு கவலையை எனக்கே கொடுத்தான். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஒரு விஷயத்தில்தான் சறுக்கிவிட்டேன், அதுவும் நல்ல எண்ணத்தில். சாவு வீட்டில் நின்றுகொண்டு சாமான் தூக்க வண்டி தேடுவது அசிங்கம் என்று, முந்தின ஞாயிறு பூசை முடிந்து வரும்போதே டெம்போ லூர்துவிடம் சொல்லிவைத்துவிட்டேன். இந்த வாரம் பஞ்சப்பூர்ப் பக்கம் ஒரு கவலை தூக்க வேண்டியிருக்கும், எங்கேயும் போய்விடாதே என்றேன். லூர்து வெகுளி. பிறகு ஒரு நாள் கோயில் வாசலில் அக்னஸிடம் கேட்டிருக்கிறான். “அக்கா, அந்தப் பெரியவரு நல்லாத்தானே இருந்தாரு. வண்டி வேணும்னு சாருக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?”

அக்னஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குப் பதிலாக எதைச் சொன்னாலும் ‘சரிங்க’ என்று சொல்ல ஆரம்பித்தாள். எதிர்ப்பேச்சுப் பேசாத பெண் இல்லை அவள். நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடிக்காமல் கொல்லையில் செடிக்கு ஊற்றினாள். நான் பின்னால் போய் நின்றால் தோள் தூக்கிக்கொள்ளும். எனக்கு மனசு வலித்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. அவளிடம் நான் கேட்டு வாங்குகிற மாதிரியும் ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அவள் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அந்த அரிவாள்மனையைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன். அலகு கடை இரும்பு இல்லை. அவளுடைய அப்பா உழுத கலப்பையின் கொழுவைக் காய்ச்சி அடித்தது. அப்பாவே அவளுக்குச் சீதனமாகச் செய்யச் சொன்னாராம். பழைய கொழு அலகாகி இருப்பது அபூர்வம், சார். அதை ஷெட்டில் வைக்கட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவள் வேலை நினைப்பில், தலையைத் தூக்காமல், எல்லாரும் சொல்கிற மாதிரியே சொன்னாள். “நான் கண்ணை மூடினப்புறம் எடுத்துக்குங்க.”

சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்க்க முயன்றாள், முடியவில்லை. நான் செம்பை வைத்துவிட்டு நின்றேன். அவள் மனையிலிருந்து எழுந்து, வாழைப்பூவெல்லாம் தரையில் சிந்த, அரிவாள்மனையை என் பக்கமாகத் தள்ளினாள். “இல்லைங்க, தெரியாம சொல்லிட்டேன். இப்பவே எடுத்துக்குங்க. நான் உயிரோட இருக்கும்போதே தரேன்” என்றாள். நான் கடைக்குப் போன பிறகு ஒரு மஞ்சள் பையோடு மணப்பாறையில் இருக்கிற தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கிருந்து உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அரிவாள்மனையைத் துடைத்து எண்ணெய் போட்டு ஷெட்டில் மாட்டினேன். இரண்டு நாள் பார்த்தேன். சரியாக அமையவில்லை. கரும்பாலைக்குப் பக்கத்தில் வைத்தேன், சாலுக்குக் கீழே வைத்தேன், எங்கே வைத்தாலும் இரவல் வாங்கிவந்த சாமான் மாதிரி இருந்தது. இத்தனைக்கும் நான் மற்றவர்களிடம் கேட்டதும் அதுதான், உயிரோடு இருக்கும்போதே மனசாரக் கொடுங்கள் என்றுதான். இவள் கொடுத்துவிட்டாள். ஆனாலும் அது என்னுடையதாக ஆகவில்லை.

தங்கை வீட்டு வாசலில் உங்கள் ஆட்கள் என்னைப் பிடித்தபோது என் பையில் அது இருந்தது உண்மை. நீங்கள் அதை ஆயுதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள், சார். அது அக்னஸுடைய சாமான். அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, முறைப்படி வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன்.